பன்னிரண்டு நாட்களுக்கு முன் மாற்றப்பட்டது

ஒரு வீட்டில் பாஸ்வேர்டுகளைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். யாரும் என்னை நியமிக்கவில்லை. துணி மடிப்பதுபோல, தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பி வைப்பதுபோல, அந்த வேலையும் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

டாக்டர், நீங்கள் போனில் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் அவ்வளவாக வராது. அக்கா என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவாள். எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அக்காவின் மரபணுப் பரிசோதனை முடிவு ஒன்பது வாரங்களாக உங்கள் மருத்துவமனைத் தளத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கணினியிலிருந்து எட்டு முறை திறக்கப்பட்டிருக்கிறது. ஆனால் போன வாரம் அக்கா உங்கள் வரவேற்பு மேசைக்குப் போன் செய்து, முடிவு எப்போது வரும் என்று விசாரித்திருக்கிறாள். அப்படியென்றால் திறந்தது யார்?

நான்தான். எட்டு முறையும் நான்தான். அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள் என்பதால் மீதியையும் சொல்கிறேன்.

எங்கள் அம்மா தையல் வேலை செய்தாள். நாற்பத்தாறு வயதில் ஒருநாள் ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் ஒரே தோளில் வைத்துத் தைத்துவிட்டாள். நானும் அக்காவும் சிரித்தோம். அம்மா அந்தச் சட்டையை விரித்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள். ஐம்பத்திரண்டில் அவள் இறந்தபோது அக்காவை நர்ஸம்மா என்றும், என்னைப் பக்கத்து வீட்டுப் பெண் என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அந்த ஆறு வருடமும் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்துப் பார்த்துக்கொண்டது அக்காதான். அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். நான் பள்ளிக்கூடம் போனேன், பிறகு கல்லூரி போனேன்.

அம்மாவுக்கு வந்த மறதிநோய் மரபணுவில் வருகிற வகை என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. நான் உயிரியல் படித்தவள் என்பதால் அக்காவுக்கு அதை விளக்கியது நான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதி, ஒருத்திக்கு இருந்தால் மற்றவளுக்கு இருக்காது என்றெல்லாம் இல்லை என்றேன்.

"சரி, காசைச் சுண்டியாச்சு. கையை மூடியே வெச்சுக்கலாம்," என்றாள். பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று நான் பிறகு எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. "தெரிஞ்சுகிட்டு என்னடி பண்ணப் போறோம்? தலைகீழா நிக்கப் போறோமா?"

அக்கா மருந்தாளுநர். உங்கள் மருத்துவமனையில் இல்லை, பாலத்தைத் தாண்டி இருக்கிற சிறியதில். அவள் ஞாபகசக்தி அங்கே பிரசித்தம். எந்த அலமாரியில் எந்த மருந்து எந்த மாதம் காலாவதியாகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அம்மாவுக்குப் பிறகு அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்திருந்தது. கடைக்குப் போனால் சீட்டு எழுத மாட்டாள். யாருடைய பிறந்தநாளையும் குறித்து வைக்க மாட்டாள். மறக்காமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு பரிசோதனை முடிவு மாதிரி.

பாஸ்வேர்டுகளிலும் அப்படித்தான். இந்தத் தளத்தின் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும்போதெல்லாம் 'ஒருபோதும் வேண்டாம்' என்று அழுத்துவாள். "மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லணும்டி. கண்டவன்கிட்டயும் எதுக்குக் குடுக்கணும் நம்ம சாவியை?" அவள் பிரவுசரில் 'ஒருபோதும் சேமிக்காதவை' என்ற பட்டியலில் பதினேழு தளங்கள் இருந்தன. பதினேழுக்கும் பாஸ்வேர்டு அவள் தலையில் இருந்தது.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். தளத்தின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்தில் ஒரு மருந்து, கூடவே அதன் அளவு. நூலகத்துக்கு நாப்ராக்ஸென் 250. மின்சார அலுவலகத்துக்கு மெட்ஃபார்மின் 500. ரயில் முன்பதிவுக்கு ராமிப்ரில் 5. இதை ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பெருமையாக என்னிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒருமுறை கடும் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தாள். அப்போது வீட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, அவளுடைய பாஸ்வேர்டுகளை எல்லாம் என் பக்கத்தில் சேமித்து வைத்தேன். எங்களுக்கு ஒரே கணினி. பிரவுசரில் அவளுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். ஒருத்தி பக்கத்தில் சேமித்தது மற்றவளுக்குத் தெரியாது. எந்த வீட்டிலும் இதைச் செய்வார்கள். இதுவரை எதுவும் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

போன வருடம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர் வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அக்காவுக்கு முப்பத்தாறு, அவருக்கு நாற்பது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கணினியில் முகம் பார்த்துப் பேசுவார்கள். நல்ல மனிதர். முதல்முறை என்னைத் திரையில் பார்த்தபோது, "உங்க தங்கச்சிக்கு சவுண்டு வரலையே, மைக்கு கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. அவள் அந்த ஊருக்கே மாற்றல் வாங்கிப் போய்விடுவதாக ஏற்பாடு. வீட்டை நீயே வைத்துக்கொள் என்று என்னிடம் சொன்னாள். நான் சரி என்றேன். அப்போது எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் போய் மாலையில் வருவேன். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எனக்கு மட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்ததோடு சரி, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தவறுதலாக. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

என் பக்கத்தில் பிரவுசர் ஒரு எச்சரிக்கை காட்டியது. சேமித்த பாஸ்வேர்டுகளில் ஒன்று எங்கோ கசிந்த பட்டியலில் இருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று. அது நூலகத்தின் பாஸ்வேர்டு. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான் நூலகத் தளத்துக்குப் போய் 250 என்பதை 500 ஆக்கினேன். எச்சரிக்கை மறைந்தது. மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் உண்மையில் ஒருத்தி மறந்தது அந்த ஒருமுறைதான்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் நூலக அட்டையை அந்த ஊருக்கு மாற்றிக்கொள்ள அக்கா உட்கார்ந்தாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் மூன்று முறை தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். திரையில் சிவப்பு எழுத்தில் இருந்தது: பாஸ்வேர்டு தவறு. உங்கள் பாஸ்வேர்டு பன்னிரண்டு நாட்களுக்கு முன் மாற்றப்பட்டது.

"பன்னண்டு நாளைக்கு முன்னாடி நான் எதையும் மாத்தலையே," என்றாள்.

நான்தான் மாற்றினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு ஒரு வாக்கியத்தைத் தொடங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் அவளே முடித்துவிட்டாள்.

"மாத்தியிருக்கேன் போல. ஞாபகமே இல்லடி."

அவள் முகத்தைப் பார்த்தேன். அது அம்மா அந்தச் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது இருந்த முகம்.

அன்றைக்கு அவள் கண்ணாடிக்காரரைக் கூப்பிடவில்லை. சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து என்னோடு பட்டாணி உரித்தாள். சின்ன வயதுக் கதைகளைச் சொன்னாள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "சரியாத்தானே சொல்றேன்?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். சாயங்காலம் என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். அவள் என்மேல் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நான்தான் சாய்வேன். காலையில் சொல்ல நினைத்த வாக்கியம் மதியத்துக்குள் பழையதாகிவிட்டது. பழைய வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது முறை தவறுதல் என்று சொல்ல மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து மின்சார அலுவலகத் தளத்தில் 500 என்பதை 850 ஆக்கினேன். கவனியுங்கள், மருந்தை நான் எங்குமே மாற்றவில்லை. அளவை மட்டும்தான் மாற்றினேன். அதுவும் உண்மையிலேயே புழக்கத்தில் இருக்கிற அளவாகத்தான். ராமிப்ரில் 5 இருந்த இடத்தில் 10. இல்லாத ஓர் அளவைப் போட்டால் அக்கா சந்தேகப்படுவாள், அவள் அப்படிப்பட்டவள். இருக்கிற அளவைப் போட்டால், தான் குழப்பிக்கொண்டதாக நினைப்பாள்.

மாற்றம் நடந்ததும் தளங்கள் மின்னஞ்சல் அனுப்பும். உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது, மாற்றியது நீங்கள் இல்லையென்றால் தெரிவியுங்கள் என்று. முதலில் அவற்றை அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்த குறி போட்டு அப்படியே விட்டேன். அக்கா தேடிப் போய்ப் பார்ப்பாள். எங்கள் வீட்டிலிருந்து, எங்கள் கணினியிலிருந்து, அவள் வீட்டில் இருந்த ஒரு நேரத்தில் மாற்றப்பட்டிருக்கும். படித்ததாகவும் இருக்கும். அதற்குமேல் அவளுக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

தண்ணீர்ப் பரிசோதனையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு, என்ன ஆகிறது என்று எழுதி வை. நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஏழு மாதத்தில் பதினோரு முறை. வேண்டுமானால் அதையும் தருகிறேன். நான் ஒழுங்காகச் செய்தேன் என்பது அதில் தெரியும். அவளைத் துன்புறுத்துவது நோக்கமாக இருந்திருந்தால் வாரம் ஒன்று செய்திருக்கலாம்.

பாஸ்வேர்டு தவிர வேறு சில விஷயங்களிலும் கை வைத்தேன். எல்லாம் சின்னவை. தளங்கள் கேட்கிற அனுமதிகள் இருக்கின்றன அல்லவா, கேமராவைப் பயன்படுத்தலாமா, மைக்கைப் பயன்படுத்தலாமா என்று. அக்கா 'அனுமதி' என்று போட்டிருந்ததை, அந்த முகம் பார்த்துப் பேசுகிற தளத்தில், மைக்குக்கு மட்டும் 'தடு' என்று மாற்றினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுமே கேக்கல," என்றார். "இப்ப நீங்களும் தங்கச்சி மாதிரி ஆயிட்டீங்களா?"

அக்கா எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள். போன வாரம் வேலை செய்தது, இந்த வாரம் இல்லை. என்னைக் கூப்பிட்டாள். நான் வந்து அனுமதியை மாற்றி வைத்தேன். "பூட்டு மாதிரி ஒரு படம் இருக்கே, அதை அழுத்தினா வரும்க்கா. போன மாசமே காட்டினேனே," என்றேன். காட்டவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "ஆமால்ல," என்றாள். காட்டாத ஒன்றைக் காட்டியதாக அவள் ஒத்துக்கொண்டது அப்போதுதான். அதன்பிறகு எனக்கு வேலை குறைந்துவிட்டது. மீதியை அவளே செய்துகொண்டாள்.

சீட்டு எழுத ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்தோமா என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தாள். மருந்தகத்தில் ஒரு பட்டையில் பத்து மாத்திரை இருக்கிறதா என்று ஐந்து முறை எண்ணினாள். வரிசை வாசல்வரை நீண்டது. ஒருநாள் ஒரு பெரியவருக்கு மெட்ஃபார்மின் எடுத்துக் கொடுக்க வேண்டும், சீட்டில் 500 என்று தெளிவாகவே எழுதியிருந்ததாம். அவள் கையில் சீட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெரியவர், "ஏம்மா, நானே எடுத்துக்கவா?" என்றாராம். அவளுடைய மேலதிகாரி நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அடுத்த வாரம் அக்கா வேலையை விட்டுவிட்டாள்.

"தப்பான டோஸ் குடுத்து யாரையாவது கொன்னுடுவேனோன்னு பயமா இருக்குடி," என்றாள்.

இந்தத் தவறுகளில் நான் கை வைக்கவில்லை. அடுப்பு, மாத்திரை, அந்தப் பெரியவர் எல்லாம் அவளாகச் செய்தவை. அதனால் எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை அவளுக்குள் உண்மையிலேயே அது ஆரம்பித்திருக்கலாம், நான் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டேனோ என்று. அவளைத் தனியாக விட முடியாது என்று நானும் வேலையை விட்டேன். பரிசோதனைக் கூடத்தில் என் மேலாளர், "உன்னை மாதிரி தங்கச்சி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் உங்களிடம் வந்தோம்.

அன்று அவளை ஐந்து சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். கடிகாரம் வரையச் சொன்னீர்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னீர்கள். ஐந்து சொற்களையும் வரிசை மாறாமல் சொன்னாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, பயம்தான் காரணம் என்றீர்கள். "அப்ப அந்தப் பாஸ்வேர்டெல்லாம், டாக்டர்?" என்று கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். நான் எப்போதும் தரையைத்தான் பார்ப்பேன் என்பதால் உங்களுக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

ரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் ஒரு தெளிவு கிடைக்கும் என்றீர்கள். இத்தனை வருடம் மூடியே வைத்திருந்த கையை அக்கா அன்றைக்குத் திறந்தாள். என்னிடமும் கேட்டீர்கள். வேண்டாம், அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமே என்றேன்.

வெளியே வந்ததும் அக்கா கண்ணாடிக்காரருக்குப் போன் செய்தாள். முடிவு வரட்டும், அதுவரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்றாள். "எங்கம்மாவை நீங்க பாத்ததில்ல," என்றாள். அவர் சத்தமாகப் பேசுகிற ஆள், எனக்கும் கேட்டது.

"எனக்கும் கண்ணாடியைக் கழட்டினா எதிர்ல இருக்கிறது யாருன்னே தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து தடவிக்கிட்டுப் போகலாம், விடுங்க. ரிசல்ட் என்னவா இருந்தாலும் நான் இருக்கேன்."

அக்கா பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அழுதாள். நோய் இருக்குன்னு வந்தா உங்களை இதுல இழுக்க மாட்டேன், இல்லைன்னு வந்தா மறுநாளே கிளம்பி வரேன் என்றாள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. மறுநாளே.

வீட்டுக்கு வந்து உங்கள் மருத்துவமனைத் தளத்தைத் திறந்தோம். முடிவு வந்தால் அறிவிப்பு அனுப்பலாமா என்று அது கேட்டது. அக்கா 'அனுமதி' என்று அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குளிக்கப் போனதும் நான் அமைப்புகளுக்குப் போய், அதே தளத்தைப் பட்டியலில் தேடி, 'தடு' என்று மாற்றினேன். மருத்துவமனையிலிருந்து வருகிற மின்னஞ்சல்கள் நேராக வேறொரு பெட்டிக்குப் போகும்படி வைத்தேன். தொடர்புக்கு என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். ஒரு வாரம் கழித்து அந்தத் தளத்தின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். அது பதினோராவது. உங்கள் மருத்துவமனைப் பெயரின் முதல் எழுத்துக்கு அமாக்சிசிலின் 250 என்று அக்கா தட்டினாள். வரவில்லை. 500 என்று தட்டிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கையைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இனிமே நீயே பாருடி. எனக்கு அந்தப் பெட்டியைத் தொடவே பயமா இருக்கு."

நான் பார்த்தேன். முடிவு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அக்கா அடுத்த அறையில் சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தின் கீழே ஒரே வரி. தாயாரிடம் இருந்த மரபணு மாற்றம் இவரிடம் காணப்படவில்லை.

அக்காவுக்கு அந்த நோய் இல்லை. இனி வரவும் வராது. இதை நீங்கள் ஒன்பது வாரங்களாக அறிவீர்கள். நானும் அறிவேன்.

எட்டு முறை ஏன் திறந்தேன் என்று கேட்கலாம். முதல் முறை படிக்க. மற்ற முறைகள், நான் சரியாகப் படித்தேனா என்று பார்க்க. ஒருவேளை முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் எல்லாம் எளிதாக இருந்திருக்கும். அப்போது நான் செய்தது வெறும் முன்னேற்பாடு என்று ஆகியிருக்கும்.

தாளை அச்செடுத்து அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். ஆனால் கொடுத்தால் அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். உங்களைக் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பாள். அப்ப அந்தப் பாஸ்வேர்டெல்லாம்? அவள் தங்கச்சியைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. ஐந்து சொற்களை வரிசையாகச் சொல்கிறவளுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்.

முடிவை விளக்க நீங்கள் இரண்டு முறை தேதி கொடுத்தீர்கள். இரண்டையும் தளத்தில் போய்த் தள்ளிவைத்தது நான்தான்.

கண்ணாடிக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார், "வந்துடுச்சா?" என்று. முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார். பிறகு சிரிக்காமல் கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன் அக்கா அவரைக் கூப்பிட்டு, வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இவ்வளவு நாள் வராத முடிவு நல்ல முடிவாக இருக்காது, நல்ல செய்தியென்றால் உடனே சொல்லியிருப்பார்கள் என்றாள். அவர் நேரில் வருவேன் என்றார். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள். பேசி முடிக்கிறவரை அவள் குரல் உடையவே இல்லை. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் எனக்காக எழுதி வைத்தாள். மருந்துச்சீட்டு மாதிரி, எண் போட்டு. தனக்கு என்ன மருந்து, எப்போது. எந்த நிலையில் வெளிக்கதவைப் பூட்ட வேண்டும். உன்னை யாரென்று தெரியாமல் போகிற அன்றைக்கு என்னை ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்த்துவிடு, அம்மாவை நான் பார்த்துக்கொண்டதுபோல என்னை நீ பார்த்துக்கொள்ளக் கூடாது, உன் வயசு அதில் போகக் கூடாது. அதை எனக்குப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்காடி, எதையாவது விட்டுட்டேனா?" என்று கேட்டாள். நான் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை, டாக்டர். உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் வாழ்க்கையிலேயே நான் தயங்காமல் சொன்ன வாக்கியம் அது.

போன வாரம் நான் கடைக்குப் போயிருந்த சமயத்தில், பழைய சீட்டு ஒன்றிலிருந்து உங்கள் எண்ணைத் தேடி எடுத்து அவளே பேசியிருக்கிறாள். எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அழுத்தியிருப்பாள். வந்ததும் என்னிடம் சொன்னாள், திட்டாதே என்ற முகத்தோடு. நான் திட்டவில்லை.

வியாழக்கிழமை அவளை அழைத்துவரச் சொல்லியிருக்கிறீர்கள். அழைத்துவருவேன். நான் ஓடிப்போகிற ஆள் இல்லை. அவளுக்கு நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவள் இப்போது அமைதியாக இருக்கிறாள். காலையில் நான் எடுத்து வைக்கிற துணியை உடுத்திக்கொள்கிறாள். நான் சொன்னால் சாப்பிடுகிறாள், நான் சொன்னால் தூங்குகிறாள். கழிவறைக்குப் போகும்போதுகூட, "போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்கிறாள். போன மாதம் ஒருநாள் நான் தலைவாரிவிட்டபோது கண்ணை மூடிக்கொண்டு, "நீ இல்லைன்னா நான் என்னடி ஆகியிருப்பேன்," என்றாள். திடீரென்று உனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? வேலை இல்லை, அவர் இல்லை. யாரையும் நம்பவும் முடியாது.

இதில் எல்லோரும் அவளைப் பற்றியேதான் கேட்கிறார்கள். நீங்கள் கேட்டீர்கள், அவர் கேட்டார், அவள் மேலதிகாரி இன்னும் போன் செய்து கேட்கிறார். ஒரு நோயும் இல்லாத ஒருத்தியைக் காலையிலிருந்து படுக்கிறவரை நோயாளியாகப் பார்த்துக்கொள்வது எவ்வளவு களைப்பு என்று என்னை ஒருவர்கூடக் கேட்டதில்லை.